பூனை, நாய், வாளி

கேள்வி: ஆங்கில மரபுத்தொடர் புத்தகம் ஒன்றை வாங்கித் தினமும் பத்துத் தொடர்களை மனப்பாடம் செய்கிறேன். அலுவலகத்தில் அவற்றைச் சேர்த்துப் பேசினால் சக ஊழியர்கள் சிரிக்கிறார்கள். பொறாமையா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு

பதில்: பொறாமையாகத் தெரியவில்லை. லேசாகத் தூறினாலே நீங்கள் ‘ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ என்று ஆரம்பித்துவிடுவீர்கள் போலிருக்கிறது. கலிவர் கதையை எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட், 1738-இல் ஓர் உரையாடல் நூல் வெளியிட்டார். கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன தொடர்களை வைத்தே அரட்டையை ஓட்டும் மேட்டுக்குடி மக்களைப் பற்றிய முழுநீளக் கிண்டல் அது. அதிலேயே பூனையும் நாயும் மழையாகக் கொட்டுகின்றன! நம் புத்தகக் கடைகளில் அந்தத் தொடர் இன்னும் புதுச்சரக்கு. லண்டனில் அடைமழை பெய்தால் ‘இட்ஸ் பௌரிங்’ என்று சொல்லிவிட்டுக் குடையை விரிப்பார்கள், அவ்வளவுதான்.

பொருள் தெரிந்தால் மட்டும் போதாது, இடம் தெரிய வேண்டும். ‘கிக் த பக்கெட்’ என்றால் இறந்துபோவது என்று உங்கள் புத்தகம் சொல்லும். சரி, மேலாளரின் அப்பா இறந்ததற்கு அதை எழுதி அனுப்புவீர்களா? துக்க வீட்டில் போய், ‘பெரியவர் மண்டையைப் போட்டுட்டாராமே’ என்று விசாரிக்கிற மாதிரி இருக்கும். இலக்கணத்திலும் அது வளைந்து கொடுக்காது. ‘த பக்கெட் வாஸ் கிக்ட்’ என்று மாற்றினால் சாவு போய்விடும், உதைபட்ட வாளிதான் மிஞ்சும்.

ஊருக்கு ஊர் வேறு பேசும், அதையும் பாருங்கள். ஒரு விஷயத்தை ‘டேபிள்’ செய்வதென்றால் பிரிட்டனில் உடனே விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்காவில் தள்ளிப்போடுவது. இரண்டாம் உலகப் போரின்போது இரு நாட்டு அதிகாரிகளும் இந்த ஒரு சொல்லை வைத்து நெடுநேரம் காரசாரமாக வாதாடினார்கள் என்று சர்ச்சில் தன் போர் நினைவுகளில் எழுதியிருக்கிறார். தாய்மொழிக்காரர்களுக்கே இந்த நிலைமை! சிக்கலான நிலைமையைக் கிரிக்கெட் பாணியில் ‘ஸ்டிக்கி விக்கெட்’ என்று அமெரிக்க வாடிக்கையாளரிடம் சொன்னால் அவர் விழிப்பார். அவர் கேட்கும் ‘பால்பார்க் ஃபிகர்’ பேஸ்பால் மைதானத்திலிருந்து வந்தது. தோராயமாக ஒரு தொகை சொல்லுங்கள் என்கிறார்.

அதனால் காதுக்கு நூறு வைத்துக்கொள்ளுங்கள், வாய்க்குப் பத்துப் போதும். பிறர் பேசினால் புரிந்துகொள்ளத்தான் அந்தப் புத்தகம். அன்றாடம் உங்களுக்கு நிஜமாகவே தேவைப்படுவது ‘ஐ வில் கெட் பேக் டு யூ’, ‘லுக் இன்டு’, ‘புட் ஆஃப்’, ‘ரன் அவுட் ஆஃப்’ மாதிரி பூனையும் நாயும் இல்லாத சின்னத் தொடர்கள். அவற்றில் தடுமாறிக்கொண்டே பெரிய அலங்காரத்துக்குத் தாவினால் சிரிக்கத்தான் செய்வார்கள். ஒரு தொடரை மூன்று பேர் வாயிலாவது, எந்தச் சமயத்தில் சொல்கிறார்கள் என்று கவனித்துக் கேட்ட பிறகு நீங்கள் எடுத்துப் பேசுங்கள்.

அப்புறம், தினமும் பத்து வேண்டாம். வாரத்துக்கு இரண்டு படியுங்கள்.