ஏழு பின் இருக்கு, பிறேக் இருக்கோ?

வாகனம்: வாசகர் கேள்வி, கராஜ்காரர் பதில்

கேள்வி: அண்ணை, என்னிடம் 2018 ஃபோர்ட் எஃப்-150 இருக்கிறது. பழைய காம்பிங் ட்றெயிலர் ஒன்று வாங்கினேன். இரண்டு அச்சு, தகட்டில் 2,900 கிலோ என்று போட்டிருக்கிறது. ட்றக்கின் பின்னால் ஏழு பின் சொக்கெற் உண்டு, கொழுவினால் லைற் எல்லாம் எரிகிறது. விற்றவர், “பிறேக் கொன்ட்றோலர் இருக்கோ எண்டு பாருங்கோ” என்றார். மச்சானோ, தான் போன வருடம் வாடகை ட்றெயிலரில் கார் ஏற்றிக்கொண்டு மொன்றியல் வரை போனதாகவும், ஒரு கொன்ட்றோலரும் இல்லாமல் சுகமாக நின்றதாகவும் சொல்கிறான். இழுக்கிற பெலன் உள்ள ட்றக்குக்கு நிறுத்தவும் பெலன் இருக்கும்தானே என்கிறான். யார் சொல்வது சரி? — வாசகர், ஸ்காபரோ

பதில்: விற்றவர் சொன்னதுதான் சரி, தம்பி. மச்சானும் பொய் சொல்லவில்லை, அவர் இழுத்தது வேறு சாமான்.

கார் ஏற்ற வாடகைக்கு விடும் ட்றெயிலர்கள் பலவற்றில் இருப்பது சேர்ஜ் பிறேக். ட்றக் வேகம் குறையும்போது ட்றெயிலர் முன்னுக்குத் தள்ளும் அல்லவா, அந்தத் தள்ளலே கொழுவியில் உள்ள சிலிண்டரை அமத்தி எண்ணெய்ப் பிறேக்கைப் பிடிக்க வைக்கும். அதற்கு வயரும் வேண்டாம், கொன்ட்றோலரும் வேண்டாம்.

காம்பிங் ட்றெயிலர்களில் அநேகமாக மின் பிறேக். ஒவ்வொரு ட்றம்முக்குள்ளும் ஒரு மின்காந்தம். கரண்ட் வந்தால் அது சுழலும் ட்றம்மின் முகத்தில் ஒட்டப் பார்க்கும், ட்றம் அதை இழுத்துக்கொண்டு போகும், அந்த இழுவையில் ஒரு கை திரும்பி பிறேக் ஷூவை விரிக்கும். ஒரு காந்தத்துக்கு ஏறக்குறைய 3 முதல் 4 அம்பியர். உங்களுடையதில் இரண்டு அச்சிலும் பிறேக் இருந்தால் நாலு காந்தம். அந்தக் கரண்டை எப்போது, எவ்வளவு அனுப்புவது என்று அளப்பதுதான் கொன்ட்றோலர். அது இல்லையென்றால் ட்றெயிலரில் பிறேக் இருந்தும் இல்லாததுதான்.

இனி அந்தச் சொக்கெற். என் கராஜுக்கு வருகிறவர்களில் கனபேர் சறுக்குவது இதில்தான். ஏழு பின்னில் ஒன்று பிறேக்குக்கு, வழக்கமாக நீல வயர். லைற் எரிகிறது என்றால் லைற்றுக்கான பின்கள் வேலை செய்கின்றன, அவ்வளவுதான். நீல வயரின் மறுமுனையில் கரண்ட் அனுப்ப ஒன்றும் இல்லாமலேயே சொக்கெற் மட்டும் வந்த ட்றக்குகள் உண்டு. டாஷ்போர்டில் கூட்டல், கழித்தல் பொத்தான்களும் விரலால் அமத்துகிற சின்னப் பிடியும் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கொம்பனியே கொன்ட்றோலர் பூட்டித் தந்திருக்கிறது, காசு மிச்சம். இல்லையென்றால் வெளியில் வாங்கிப் பூட்டலாம். பல ட்றக்குகளில் அதற்கான வயர் டாஷ்போர்டுக்குக் கீழே ஏற்கெனவே தொங்கும், தோதான இணைப்பு வயர் வாங்கினால் வெட்டி ஒட்டுகிற வேலை இல்லை. வாங்குவதென்றால் ட்றக் குறைக்கிற வேகத்தை உணர்ந்து அதற்கேற்பக் கரண்ட் அனுப்பும் வகையை வாங்குங்கள். நேரம் பார்த்துக் கரண்டைக் கூட்டிக்கொண்டு போகும் மலிவு வகையும் உண்டு, நான் என் ட்றக்கில் போடமாட்டேன்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒன்ராறியோவில் மொத்த எடை 1,360 கிலோவும் அதற்கு மேலும் உள்ள ட்றெயிலருக்கு, அதை நிறுத்தவும் நிறுத்தி வைக்கவும் போதுமான பிறேக் இருக்க வேண்டும். உங்களுடையது அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

மச்சானின் பெலன் கணக்குக்கு என் சொந்த வெட்கத்தையே பதிலாகத் தருகிறேன். வேலை பழகிய காலத்தில் வெறும் ட்றெயிலர் ஒன்றை பேரிப் பக்கம் கொண்டுபோய், சின்ன டிராக்டர் ஒன்றை ஏற்றிக்கொண்டு திரும்பினேன். போகும்போது ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. வரும்போது ஹைவே 400-ஐ விட்டு இறங்கும் வளைவின் முடிவில் சிவப்பு. மிதிக்கிறேன், ட்றக்கின் மூக்குக் குனிகிறது, ஆனால் முதுகில் யாரோ கைவைத்துத் தள்ளிக்கொண்டே இருக்கிற மாதிரி. கோட்டைத் தாண்டி ஒரு கார் நீளம் போய்த்தான் நின்றது. குறுக்கே ஒருவரும் வரவில்லை, அது என் அதிர்ஷ்டம். கராஜில் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், நீல வயரின் பின் பச்சைப் பாசி பிடித்துக் கிடந்தது. எங்கள் றோட்டு உப்பின் வேலை. வெளிக்கிட முன்னம் பார்க்காதது என் வேலை.

பார்ப்பது ஒரு நிமிடம். பிளக்கைக் கொழுவி, ஒருவரை உள்ளே இருத்தி அந்தப் பிடியை அமத்தச் சொல்லுங்கள். நீங்கள் குனிந்து ட்றெயிலர் ரயருக்குக் கிட்டக் காதை வையுங்கள். பெரும்பாலான கொன்ட்றோலர்களில் காந்தம் ‘ம்ம்ம்’ என்று மெல்ல இரையும். நாலு சில்லிலும் கேட்க வேண்டும். குளிர்காலம் முழுக்க நிறுத்தி வைத்த ட்றெயிலர் என்றால் எலி வயரைக் கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள், சிரிக்காதீர்கள்.

இன்னொன்று. ஹைவேயில் ட்றெயிலர் வாலாட்டத் தொடங்கினால் ட்றக் பிறேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், ஆட்டம் கூடும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்து, கொன்ட்றோலர் பிடியை மட்டும் அமத்துங்கள். ட்றெயிலர் பிறேக் மட்டும் பிடித்து அதைப் பின்னால் இழுத்து நேராக்கும். சேர்ஜ் பிறேக்கில் இந்த வசதி கிடையாது, மச்சானிடம் சொல்லுங்கள்.

கேள்வி: ஐயா, நாங்கள் கோடையில் விழாக்களுக்குக் கொத்துரொட்டி போடும் உணவு ட்றெயிலர் வைத்திருக்கிறோம். கொன்ட்றோலர் இருக்கிறது. ஆனால் சில நாள் பிறேக் பிடித்தால் ட்றெயிலர் ரயர் கீச்சிட்டு இழுபடுகிறது, சில நாள் பிடிப்பதே தெரியவில்லை. கொன்ட்றோலர் பழுதோ? — வாசகி, மார்க்கம்

பதில்: பழுது இருக்கலாம் அம்மா, ஆனால் முதலில் உங்களிடம் ஒரு கேள்வி. தண்ணீர்த் தாங்கி நிரம்பிய நாளும் வெறுமையான நாளும் கொன்ட்றோலரில் ஒரே இலக்கத்திலா, அதாவது கூட்டல், கழித்தல் பொத்தானால் வைக்கிற ஒரே பிறேக் அளவிலா ஓடுகிறீர்கள்? 200 லீற்றர் தண்ணீர் என்றால் 200 கிலோ. அதோடு மாவு, இறைச்சி, காஸ் சிலிண்டர். விழாவுக்குப் போகிற ட்றெயிலரும், எல்லாம் விற்றுத் தீர்ந்து திரும்புகிற ட்றெயிலரும் ஒன்றல்ல. பாரத்துக்கு வைத்த அளவு வெறும் ட்றெயிலருக்குக் கூடிப்போய்ச் சில்லுப் பூட்டிக்கொள்ளும், ரயர் கீச்சிடும்.

சாமான் ஏற்றிய பிறகு, ஆளில்லாத சமதரையில் மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் போய், ட்றக் பிறேக்கை மிதிக்காமல் கொன்ட்றோலர் பிடியை மட்டும் முழுதாக அமத்துங்கள். சில்லுப் பூட்டினால் இலக்கத்தைக் குறையுங்கள், இழுவை தெரியாவிட்டால் கூட்டுங்கள். பூட்டுகிற எல்லைக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். திரும்பும்போது மறுபடி. இரண்டு இலக்கத்தையும் ஒரு துண்டில் எழுதி டாஷ்போர்டில் ஒட்டிவிட்டால் அடுத்த வாரம் மகன் ஓடினாலும் பயமில்லை.

அப்படியும் சரிவராவிட்டால் ஷூவை இறுக்கிப் பார்க்க வேண்டும். இந்த ட்றம் பிறேக்குகள் பல தானாக இறுகாது, தேயத் தேயக் கையால் இறுக்க வேண்டும். ட்றெயிலர் போகிற போக்கில் ட்றக்கை விட்டுக் கழன்றால், அதிலுள்ள சின்னப் பற்றரியின் கரண்டில் தானாகப் பிடிக்கும் பிறேக்கையும் சோதியுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, கம்பியோடு உள்ள பின்னை இழுத்து, ட்றக்கை மெல்ல முன்னுக்கு எடுத்தால் ட்றெயிலர் அடம்பிடிக்க வேண்டும். சில்லுகள் சும்மா உருண்டால் அந்தச் சின்னப் பற்றரி செத்திருக்கலாம். பார்த்து முடிந்ததும் பின்னை உடனே திருப்பிப் போடுங்கள்.

கேள்வி: படகு ட்றெயிலர், சேர்ஜ் பிறேக். முன்னுக்கு நன்றாகப் போகிறது. வீட்டு ஏற்றத்தில் பின்னுக்கு எடுத்தால் பிறேக் பிடித்துக்கொண்டு நகரமாட்டேன் என்கிறது. கொன்ட்றோலர் போட்டால் தீருமா? — வாசகர், ஏஜாக்ஸ்

பதில்: தீராது. ட்றெயிலரில் ஐந்து பின் தட்டைப் பிளக் இருக்கிறதா பாருங்கள். ஐந்தாவது வயர் ட்றக்கின் றிவேர்ஸ் லைற்றோடு சேர வேண்டும். கியரைப் பின்னுக்குப் போட்டதும் அது ஒரு வால்வை இயக்கிப் பிறேக்குக்கு எண்ணெய் போகாமல் தடுக்கும். உங்கள் ட்றக்கில் நாலு பின் என்றால் அந்த ஐந்தாவது வயர் அந்தரத்தில் தொங்குகிறது. எங்கள் கராஜில் ஒரு மணித்தியால வேலை.