ஹெட்டா–பல்லாஸ் நடை: குடில் நிரம்பிவிட்டால்?

நாலு பேராக செப்டம்பர் முதல் வாரம் பின்லாந்தின் ஹெட்டா–பல்லாஸ் நடைபாதையில் போகிறீர்கள், இலவசக் குடில்களை நம்பிக் கூடாரத்தை விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். விடாதீர்கள். அது இலைகள் நிறம் மாறும் பருவம். 55 கிலோமீட்டர் பாதை நெடுக ஆள் நடமாட்டம் இருக்கும்.

திறந்த குடில்கள் எனப்படும் இந்த இலவசக் குடில்களுக்கு முன்பதிவு கிடையாது. துண்டு போட்டு இடம் பிடிக்கும் வேலையும் அங்கே செல்லாது. கடைசியாக வந்தவருக்குத்தான் முதல் உரிமை. முன்பே வந்து இளைப்பாறியவர்கள்தான் எழுந்து இடம் விட வேண்டும். நள்ளிரவில் நனைந்துபோய் ஒருவர் கதவைத் திறந்தால் நகர்ந்து படுப்பதுதான் அங்கே மரியாதை. நாலு பேர் என்பதால் நீங்களே முன்வந்து வெளியே கூடாரம் போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

கூரை உறுதியாக வேண்டுமென்றால் வழியிலுள்ள ஹன்னுகுருவில் கட்டணக் குடிலை முன்பதிவு செய்யுங்கள். விறகில் சூடேற்றும் சானாவும் (பின்லாந்து வெப்பக் குளியலறை) அங்கே உண்டு, தவறவிடாதீர்கள்!

திறந்த குடிலில் மெத்தை இருக்காது, வெறும் மரப்பலகைதான். தூக்கப்பையும் விரிப்பும் அவசியம்.

அப்புறம் அடுப்பு. தணல் கனன்றுகொண்டிருக்கும்போது குளிருக்குப் பயந்து புகைபோக்கித் தடுப்பை மூடிவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு உள்ளே தேங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும். காலையில் கிளம்பும்முன் விறகு பிளந்து, கொஞ்சம் சிறாயும் சீவி அடுப்பருகே வையுங்கள். குப்பையை உங்கள் பையிலேயே எடுத்து வந்துவிடுங்கள். குடிலில் இருக்கும் விருந்தினர் ஏட்டில் அடுத்து எங்கே போகிறீர்கள் என்று எழுதுங்கள், தேட நேர்ந்தால் அதுதான் துப்பு.