இசபே காற்றடித்த பக்கம் சாய்ந்தவரா?

அன்புள்ள ஐயா,

பிரெஞ்சு ஓவியர் இசபே பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். ராணி மரி அந்துவானெத்துக்கு வரைந்தார், புரட்சி வந்ததும் மக்கள் பிரதிநிதிகளை வரைந்தார், அப்புறம் நெப்போலியன், அவர் விழுந்ததும் மறுபடி பழைய பூர்போன் வம்ச மன்னர்கள். காற்றடித்த பக்கம் சாய்ந்த ஒருவரை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறீர்கள்?

செல்வி

அன்புள்ள செல்வி,

கேள்வி நியாயமானது. ஆனால் முடிவுகட்டும் முன் அவர் செய்த தொழிலைக் கொஞ்சம் பாருங்கள்.

ழான்-பாப்டிஸ்ட் இசபே 1767இல் நான்சியில் பிறந்தவர். 18 வயதில் பாரிஸ் வந்து, ஓவியர் ஜாக்-லூயி தாவீதிடம் படித்துக்கொண்டே, வயிற்றுப்பாட்டுக்காக மூக்குப்பொடி டப்பி மூடிகளிலும் சட்டைப் பொத்தான்களிலும் வரைந்தார். அவர் தொழிலான மினியேச்சர், அதாவது சின்னஞ்சிறு உருவப்படம், ஒருவர் காசு கொடுத்து, இன்னாருடைய முகம் வேண்டும் என்று கேட்டு வாங்கிப்போவது. கேட்க ஆள் இல்லையென்றால் அடுப்பு எரியாது.

வேலையும் லேசுப்பட்டதல்ல. மெல்லிய தந்தத் தகட்டை எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, நுரைக்கல் பொடியால் தேய்த்து, கருவேலம் பிசின் கலந்த நீர்வண்ணத்தைப் புள்ளிபுள்ளியாக வைக்கவேண்டும். கன்னத்தில் வண்ணம் தடித்துவிட்டால் போச்சு, அடியிலிருக்கும் தந்தம் தெரிந்தால்தான் தோலுக்கு உயிர் வரும். அவருடைய நல்ல படங்களில் அந்த ஒளி இன்றும் இருக்கிறது, எனக்கு அது போதும்.

நெப்போலியனிடம் அவர் போய்ச் சேர்ந்ததும் பாடம் சொல்லிக்கொடுத்த வழியில்தான். மதாம் காம்பான் பள்ளியில் நெப்போலியனின் மனைவி ஜோசஃபினின் மகள் ஒர்த்தான்ஸுக்கு ஓவியம் கற்றுக்கொடுத்தார். 1804 முடிசூட்டு விழாவுக்கு உடைகளை வடிவமைத்தார். ஒத்திகைக்கு வரைபடம் போட நேரமில்லாமல் கடைகளில் பொம்மைகளை வாங்கி, உடுத்திவிட்டு, நோத்ர்தாம் தேவாலயத்தின் தரைப்படத்தின்மேல் யார் எங்கே நிற்பது என்று அடுக்கிக் காட்டினார் என்பார்கள். அந்த விழாவின் நினைவு நூலுக்கு அவர் வரைந்த படங்களுக்குப் பணம் கொடுத்தது யார் தெரியுமா? நெப்போலியனுக்கு அப்புறம் வந்த பதினெட்டாம் லூயி! நாடுகடத்தப்பட்டிருந்த எல்பா தீவிலிருந்து நெப்போலியன் திரும்பியபோது இசபே போய் வணங்கினார், பிறகு பூர்போன்களிடமும் வேலை செய்தார். இதற்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன்.

ஆனால் அவர் யாருக்கு விசுவாசமாக இருந்தார் என்று கேட்டால் சக ஓவியர்களுக்கு என்பேன். ஃபிரான்சுவா ஜெரார் கையில் காசில்லாமல் திண்டாடிய காலத்தில், அவருடைய ‘பெலிசாரியஸ்’ ஓவியத்தை இசபே விலைக்கு வாங்கினார், பிறகு கூடுதல் விலைக்கு விற்று, லாபம் முழுவதையும் ஜெராரிடமே கொடுத்துவிட்டார். புரட்சிக்குப் பிறகு எல்லோர் கையும் வறண்டிருந்த நேரம் அது. அரசவைக்காரன் ஒருவன் இதைச் செய்யவேண்டிய அவசியமே இல்லை.

புகைப்படம் வந்து இந்தத் தொழிலைச் சாப்பிடத் தொடங்கியதையும் பார்த்துவிட்டுத்தான், மூன்றாம் நெப்போலியன் காலத்தில், 1855இல் இறந்தார்.

ஜெரார் நன்றிக்கடனாக 1795இல் வரைந்த இசபேயின் படம் லூவரில் இருக்கிறது. தூரிகையும் இல்லை, பட்டாடையும் இல்லை, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இணையத்தில் தேடிப் பாருங்கள், பார்த்தபிறகும் இதே கருத்து இருந்தால் மறுபடி எழுதுங்கள்.