வீடிழந்தவர்களுக்குத் தற்காலிக முகாம்: கேள்வி பதில்

வெள்ளம், தீ, நிலநடுக்கம், சண்டை என எதனால் வீடு போனாலும், முதல் சில வாரங்களில் எழும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். வந்த கேள்விகளுக்குப் பதில் கீழே. அளவுகள், நிவாரண அமைப்புகள் உலகெங்கும் பின்பற்றும் ஸ்பியர் தரநிலைகளின்படி.

கேள்வி: பள்ளி ஹால் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். 20 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம். எத்தனை பேரைத் தங்க வைக்கலாம்?

பதில்: ஒருவருக்குக் குறைந்தது 3.5 சதுர மீட்டர். 240ஐ வகுத்தால் 68 வரும். அதை நம்பி 68 பேரை உள்ளே விடாதீர்கள். நீளவாட்டில் ஒன்றரை மீட்டர் அகலத்தில் இரண்டு நடைபாதை விட்டாலே 60 சதுர மீட்டர் போய்விடும். மிச்சம் 180, அதாவது 51 பேர். சமையலும் குளியலும் இந்த 3.5க்குள் சேராது. குளிரால் உள்ளேயே சமைக்க வேண்டிய நிலை என்றால் 4.5 முதல் 5.5 வரை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்கள் வருவதற்கு முன்பே தரையில் சாக்பீஸ் கோடு போட்டுவிடுங்கள். ஐந்து பேர் குடும்பத்துக்கு மூன்றரை மீட்டருக்கு ஐந்து மீட்டர். வந்தபின் பிரித்தால், முந்தி வந்தவர் சுவரோரத்தைப் பிடித்துக்கொள்வார். கைக்குழந்தையோடு கடைசியில் வருபவருக்கு வாசல்தான் மிஞ்சும். கழிப்பறைக்குக் கிட்ட உள்ள கட்டங்கள் நடக்க முடியாதவர்களுக்கு. மறைப்புத் துணி ஆள் உயரத்துக்கு இருக்கட்டும். இரவில் எந்தக் கதவையும் வெளியிலிருந்து பூட்டாதீர்கள்.

கேள்வி: அக்கா, 4க்கு 6 மீட்டர் தார்ப்பாயில் கூடாரம் போட்டோம். காற்றடித்தால் கயிறு கட்டிய ஓட்டையே கிழிந்துவிடுகிறது.

பதில்: மொத்த இழுவையும் அந்த ஒரு ஓட்டையில் விழுவதுதான் காரணம், தம்பி. எலுமிச்சை அளவில் வழவழப்பான கல் ஒன்றை எடுத்து, ஓரத்திலிருந்து ஒரு சாண் உள்ளே தார்ப்பாயின் அடியில் வையுங்கள். பாயைக் கல்லின் மேல் சுற்றி, கழுத்தில் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். இழுவை பரவிவிடும், கிழியாது. முனை கூரான கழிகளுக்குத் துணி சுற்றுங்கள். சரிவு போதாவிட்டால் நடுவில் தண்ணீர் தேங்கி, அந்தக் கனத்திலேயே கூடாரம் சாயும். கூடாரங்களுக்கிடையே குறைந்தது 2 மீட்டர் இடைவெளி வேண்டும். பெரிய முகாமில் 300 மீட்டருக்கு ஒருமுறை 30 மீட்டர் வெற்றிடம் விடுவது தீ தாவாமல் இருக்கத்தான். அங்கே கூடாரம் போட யாரையும் விடாதீர்கள்.

கேள்வி: 250 பேருக்கு ஒரு குழாய் என்ற கணக்குப்படிதான் போட்டோம். ஆனாலும் தினமும் தண்ணீர்ச் சண்டை.

பதில்: எத்தனை மணி நேரம் தண்ணீர் வருகிறது? அதைப் பார்க்காமல் குழாயை மட்டும் எண்ணினால் இப்படித்தான் ஆகும். ஒருவருக்கு நாளைக்கு 15 லிட்டர் என்றால் 250 பேருக்கு 3,750 லிட்டர். நிமிடத்துக்கு 7.5 லிட்டர் வரும் குழாயில் அதைப் பிடிக்க 500 நிமிடம், எட்டு மணி நேரத்துக்கும் மேல். இரண்டு மணி நேரம்தான் வருகிறதென்றால் அந்தக் குழாய் 60 பேருக்குத்தான் போதும். குழாயைக் கூட்டுவதற்கு முன் தொட்டி வைத்து நிரப்புங்கள். தொட்டியிலிருந்து பல குழாய்கள் பிரிக்கலாம். வரிசையில் 30 நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டியிருந்தால் ஏற்பாடு போதவில்லை என்று அர்த்தம்.

குடும்பத்துக்கு 10 முதல் 20 லிட்டர் கேன் இரண்டு கொடுங்கள், ஒன்று பிடித்துவர, ஒன்று சேமிக்க. வாய் குறுகலாகவும் மூடியோடும் இருக்க வேண்டும். அகன்ற பாத்திரத்தில் கை படும், நல்ல தண்ணீரும் கெடும். குளோரின் போட்டு அரை மணி நேரம் கழித்துச் சோதித்தால் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும். கலங்கல் நீரில் குளோரின் அழுக்கோடு சேர்ந்தே தீர்ந்துவிடும், முதலில் தெளியவையுங்கள்.

கேள்வி: கழிப்பறைகள் இருந்தும் பெண்கள் இரவில் போவதில்லை. ஏன்?

பதில்: அவர்களையே கேளுங்கள்; இடம் தேர்ந்தெடுக்கும்போதே கேட்டிருக்க வேண்டும். பெரும்பாலும் காரணம் மூன்று: உள்தாழ்ப்பாள் இல்லை, வழி இருட்டு, ஆண்கள் பக்கத்தைத் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது. விளக்கைக் கழிப்பறையில் மட்டும் போட்டால் போதாது, பாதை முழுக்க வேண்டும். ஆரம்பத்தில் 50 பேருக்கு ஒன்று, கூடிய சீக்கிரம் 20 பேருக்கு ஒன்று. ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று. குடியிருப்பிலிருந்து 50 மீட்டருக்குள், கிணற்றிலிருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளி. மூடியுள்ள குப்பைத் தொட்டியும், மாதவிடாய்த் துணி துவைத்துக் காயவைக்க மறைவிடமும் தனியாக வேண்டும்.

கேள்வி: பால் பவுடர் டின்கள் நன்கொடையாக நிறைய வந்திருக்கின்றன. எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுக்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். சுத்தமான தண்ணீரும் எரிபொருளும் இல்லாத இடத்தில் புட்டிப்பால் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். கைக்குழந்தைக்கு அது உயிராபத்து. அதிர்ச்சியில் தாய்ப்பால் வற்றிவிடும் என்பது தவறான பயம். சுரப்பு சற்றுத் தாமதமாகலாம். அடிக்கடி சப்பக் கொடுத்தால் திரும்பும். அதற்கு மறைவான ஓர் இடமும் தாய்க்குச் சாப்பாடும் வேண்டும். தாய்ப்பால் கிடைக்க வழியே இல்லாத குழந்தைக்கு மட்டும் சுகாதாரப் பணியாளர் மேற்பார்வையில், புட்டியில் அல்ல, கிண்ணத்தில் கொடுக்கலாம்.

கேள்வி: பெற்றோரைத் தவறவிட்ட ஒரு சிறுமியை வளர்க்கிறோம் என்று ஒரு தம்பதி கேட்கிறார்கள். நல்லவர்களாகத்தான் தெரிகிறார்கள்.

பதில்: கொடுக்காதீர்கள். பெற்றோர் தேடிக்கொண்டிருக்கலாம். எங்கே, எப்போது, யாரோடு கண்டார்கள், என்ன உடை என்பதை அன்றே எழுதி, குழந்தைப் பாதுகாப்பு அதிகாரிகளிடம் தெரிவியுங்கள். உடன்பிறந்தவர் இருந்தால் பிரிக்க வேண்டாம். படத்தைச் சமூக ஊடகத்தில் போடவே கூடாது. பொய் உரிமை கோரி வருபவர்களுக்கு அதுவே வழி காட்டும்.

கேள்வி: ஐந்து பேரும் உறவினர் வீட்டில் இருக்கிறோம், முகாமுக்குப் போகவில்லை. அடையாள ஆவணம் எதுவும் மிஞ்சவில்லை. எங்களுக்கு உதவி உண்டா?

பதில்: முகாமில் இல்லாததால் நீங்கள் இடம்பெயர்ந்தவர் இல்லை என்றாகாது. இன்றே பதிவு செய்யுங்கள். குடும்பத் தலைவர் பெயர் மட்டும் எழுதினால் விடாதீர்கள். மனைவி பெயரும் ஒவ்வொரு குழந்தை பெயரும் தனித்தனியாக ஏற வேண்டும். உள்நாட்டில் இடம்பெயர்ந்தோருக்காக ஐ.நா. 1998இல் வெளியிட்ட வழிகாட்டும் கோட்பாடுகளில் 20ஆவது இதைத்தான் சொல்கிறது: தொலைந்த ஆவணங்களை அதிகாரிகள் புதிதாகத் தர வேண்டும், சொந்த ஊருக்குத் திரும்பினால்தான் தருவோம் என்று நிபந்தனை போடக்கூடாது, பெண்கள் தங்கள் பெயரிலேயே ஆவணம் பெறலாம். நனைந்த காகிதம் ஏதாவது கிடைத்தால் தேய்க்காமல், இஸ்திரி போடாமல், நிழலில் தட்டையாகக் காயவைத்துப் படம் எடுத்து வையுங்கள். எண் ஒன்று படிக்க முடிந்தால்கூடத் தேடுவது எளிது.