போர் தண்ணீரில் பருப்பு வேகாதது ஏன்? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் போர் தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் துவரம்பருப்பு வேகமாட்டேங்குது, சோப்பு நுரைக்கல, வெந்நீர் அண்டாவில் வெள்ளையாகப் பொருக்கு கட்டுது. தாமிரபரணித் தண்ணீரில் இந்தத் தொல்லை இல்லையே? படிகாரம் போட்டால் சரியாகுமா?
– வாசகி, வள்ளியூர்

பதில்: ஆகாது. படிகாரமும் சரி, தேத்தாங்கொட்டையும் சரி, கலங்கிய மண்ணைத்தான் படியவைக்கும். கரைந்திருக்கும் கால்சியத்தை ஒன்றும் செய்யாது.

தாமிரபரணி பிறக்கும் பொதிகை மலையின் பாறை எளிதில் கரையாது. மழைநீரும் அதன்மேல் தங்காமல் ஆற்றுக்கு ஓடிவந்துவிடும். நிலத்தடி நீரோ, வேர்களும் நுண்ணுயிர்களும் மண்ணுக்குள் விடும் கார்பன் டை ஆக்சைடை வாங்கி லேசான அமிலமாகி, சுக்கான்கல்லைக் கரைத்துக் கால்சியம் பைகார்பனேட்டைச் சுமந்து நிற்கிறது. (தாழையூத்தில் சிமெண்ட் ஆலை வந்ததே நம் மண்ணின் சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான்.) கொதித்தால் வாயு வெளியேறி, கால்சியம் கார்பனேட் படிகிறது. அதுதான் அண்டாவில் பொருக்கு. பருப்பின் செல்சுவரில் பசைபோல் இருக்கும் பெக்டின் என்ற பொருளைக் கால்சியம் இறுக்குவதால் அது வேகுவதில்லை. தண்ணீரைத் தனியே பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, தெளிந்தபின் மேல்நீரை இறுத்து, அதில் பருப்பைப் போடுங்கள்.

அப்படியும் மசியவில்லையென்றால், கொதித்தாலும் இறங்காத சல்பேட், குளோரைடு வகை அதிகம் இருக்கும். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதிக்கக் கொடுங்கள். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, பாட்டிலை அதே நீரால் மூன்று முறை அலசி, ததும்ப நிரப்பி, அன்றே கொடுக்க வேண்டும். நாள் கடந்தால் கால்சியம் பாட்டிலிலேயே படிந்து, அளவு குறைவாகக் காட்டலாம். கடினத்தன்மையோடு (கரைந்த கால்சியம், மக்னீசியத்தின் அளவு) காரத்தன்மையையும் (இங்கே பெரும்பாலும் பைகார்பனேட்டின் அளவு) கேட்டு வாங்குங்கள். அது இல்லாத அறிக்கை பாதி அறிக்கைதான். குடிக்க லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மை ஏற்கத்தக்கது. வேறு நீரே இல்லாவிட்டால் 600 வரை போகலாம் என்கிறது இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500.

கடினத்தன்மை 480, காரத்தன்மை 320 என்று வந்தால், 320 கொதித்தால் இறங்கும் வகை. மீதி 160 இறங்காது. துணி துவைக்க மட்டும் இப்படிச் செய்யலாம்: 1000 லிட்டருக்கு நீற்றிய சுண்ணாம்புத் தூள் 237 கிராம் கலக்கி, பிறகு படிகச் சலவைச் சோடா 458 கிராம் கரைத்து, இரவு முழுக்கத் தெளியவிடுங்கள். மக்னீசியம் மிகுந்தால் சுண்ணாம்பு கூடுதலாகப் பிடிக்கும். அதனால் முதலில் 20 லிட்டர் வாளியில், சுண்ணாம்பு 5 கிராம், சோடா 9 கிராம் போட்டுப் பாருங்கள். காற்றுப்பட்டுக் கிடந்த பழைய சுண்ணாம்பு கார்பனேட்டாகிப் போயிருக்கும். அதைக் கொட்டிப் பயனில்லை.

கேள்வி: கடற்கரையோரம் எங்கள் கிணறு கோடையில் உவர்க்கிறது. ஆழப்படுத்தலாமா?
– வாசகர், உவரி

பதில்: கூடவே கூடாது. மணலுக்கடியில் நன்னீர் கனமான கடல்நீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடி நன்னீர் தாங்கும். மேலே ஓரடி நிரந்தரமாக இறங்கினால், உப்பு அதே 40 அடி ஏறிவரும். ஆழப்படுத்துவது நீங்களே அதை நோக்கி இறங்குவதாகும். சிறிய மோட்டாரால் காலையும் மாலையும் கொஞ்ச நேரம் மட்டும் இறையுங்கள். கொதிக்கவைத்தால் நீர் ஆவியாகி உப்பு இன்னும் கூடும். ஐப்பசி மழைக்கு முன்பே மொட்டைமாடிக் குழாயை, ஜல்லியும் மணலும் நிரப்பிய குழி வழியாகக் கிணற்றடிக்குத் திருப்பிவிடுங்கள். மாடியைக் கழுவிவரும் முதல் மழைநீரை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள்.