மெகாவலான்ஷ்: மூவரும் சேர்ந்தே இறங்கலாமா?

கேள்வி: நாங்கள் மூன்று நண்பர்கள், பாரிஸ் பக்கம் இருக்கிறோம். கோடையில் ஆல்ப்ஸ் மலையில் உள்ள, சைக்கிளில் இறங்குவதற்கென்றே தடங்கள் போட்ட பைக் பார்க்குகளுக்குப் போய் வருவோம். கடினமான சிவப்புத் தடங்களில் பயமில்லாமல் இறங்குவோம், அதைவிடக் கடினமான கறுப்பில் கொஞ்சம் தயக்கம் உண்டு. அடுத்த ஜூலையில் மெகாவலான்ஷ் என்ற மலைச் சைக்கிள் போட்டியில் கலந்துகொள்ள ஆசை. அதற்கென்று, செங்குத்தாக இறங்க மட்டுமே செய்யப்பட்ட டவுன்ஹில் சைக்கிள் வாங்க வேண்டுமா? எப்படித் தயாராவது? மூவரும் சேர்ந்தே இறங்கலாமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பணம் கட்டும் முன்பே நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான். சேர்ந்து இறங்க முடியாது. பிரதான போட்டிக்கு முன்னால் தகுதிச் சுற்று உண்டு. அதில் எத்தனையாவதாக வருகிறீர்களோ, அதை வைத்துத்தான் நீங்கள் எந்தப் பிரிவில், எந்த வரிசையில் நிற்பீர்கள் என்று முடிவாகும். மூவரில் ஒருவர் வழியில் பஞ்சரானால் போதும், அவர் பின்வரிசைக்குப் போய்விடுவார். ஒரே வரிசையில் நின்றாலும், கொடி விழுந்த அரை நிமிடத்தில் யார் எங்கே என்று தெரியாது. நண்பனைத் தேடித் திரும்பிப் பார்ப்பதும், தடத்தின் நடுவில் நின்று காத்திருப்பதும் பின்னால் வருபவர்களுக்கு ஆபத்து. அதனால் ஒன்றாகப் பயிற்சி செய்யுங்கள், போட்டியில் அவரவர் ஓட்டத்தை ஓட்டுங்கள், கீழே சந்தித்துக்கொள்ளுங்கள்.

சைக்கிளுக்கு வருவோம். வழக்கமான டவுன்ஹில் போட்டியில் ஒவ்வொருவராகக் கடிகாரத்தை எதிர்த்து இறங்குவார்கள், ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 1995இல் தொடங்கிய மெகாவலான்ஷ் அப்படியல்ல. ஆல்ப் துவேஸுக்கு மேலே, ஏறத்தாழ 3,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் பிக் பிளான் சிகரத்திலிருந்து நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் கிளம்பி, 2,500 மீட்டருக்கும் மேல் கீழே இறங்கி, பள்ளத்தாக்கில் உள்ள அல்மோன் ஊரில் முடிப்பார்கள். மேலே பனி, நடுவில் கூர்கல், கீழே காட்டுப் பாதை. வழியில் மிதித்து ஏற வேண்டிய இடங்களும் உண்டு. 200 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன் உள்ள கனமான டவுன்ஹில் சைக்கிளோடு அந்த ஏற்றங்களில் மாட்டினால், இறக்கத்தில் முந்திய அத்தனை பேரும் உங்களைத் தாண்டிப் போவார்கள். மிதித்து ஏறவும் வேகமாக இறங்கவும் ஏற்ற, 150 முதல் 170 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன் உள்ள எண்டுரோ வகைதான் இதற்குச் சரி. அது கையில் இருந்தால் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம்.

அந்தக் காசில் பிரேக்கையும் டயரையும் கவனியுங்கள். இவ்வளவு நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடு குறையவே நேரம் கிடைக்காது. பிரேக் குழாயில் உள்ள திரவம் கொதித்துவிட்டால் லீவர் ஹேண்டில் வரைக்கும் போய் ஒட்டிக்கொள்ளும், சக்கரமோ நிற்காது. பல பிரேக்குகளில் இருக்கும் டாட் (DOT) வகைத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஈரம் சேரச் சேரக் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். ஆகவே பயணத்துக்கு முன் திரவத்தை மாற்றி, காற்றை வெளியேற்றிவிடுங்கள். முன்னால் 200 மில்லிமீட்டர் டிஸ்க், இரண்டு சக்கரங்களிலும் உலோகப் பிரேக் பேட். புதுப் பேட்டை மாட்டிக்கொண்டு நேராக மலைக்குப் போகாதீர்கள். லேசான சரிவில் வேகம் எடுத்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் நடை வேகத்துக்கு இறக்குங்கள். பிடி இறுகுவது விரலில் தெரியும் வரை இதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.

பிரேக்கைப் பிடிக்கும் பழக்கத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். பயத்தில் லேசாகப் பிடித்துக்கொண்டே இறங்குவதுதான் டிஸ்க்கைச் சுடவைக்கிறது, முன்கையையும் கல்லாக்குகிறது. வளைவுக்கு முன் அழுத்திப் பிடியுங்கள், வளைவுக்குள் விட்டுவிடுங்கள். ஒரு விரல் போதும். லீவரை விரல் எட்டும் தூரத்துக்கு உள்ளே கொண்டுவந்து வையுங்கள். முன்கை இறுகிப்போய் விரல் மடங்காத நிலைதான் இங்கே பலரையும் விழவைக்கிறது. இதற்கு ஜிம்மைவிட நல்ல மருந்து, நடுவில் நிற்காமல் இறங்கிப் பழகுவது. பார்க்கில் பாதியில் நின்று பேசுவது, வீடியோ எடுப்பது எல்லாவற்றையும் ஜூன் மாதத்தோடு நிறுத்திவிடுங்கள்.

டயரில் தடித்த டவுன்ஹில் உறை, டியூப்லெஸ், உள்ளே ஓட்டையைத் தானே அடைக்கும் சீலன்ட் திரவம். 75 கிலோ எடை உள்ளவருக்கு காற்றழுத்தம் முன்னால் 23, பின்னால் 26 பிஎஸ்ஐ என்று தொடங்கிப் பார்க்கலாம். பனிக்காகக் காற்றைக் குறைக்கச் சொல்பவர்கள் இருப்பார்கள். கேட்காதீர்கள். பனி கொஞ்ச நேரம்தான், கல் அப்புறம் வெகுதூரம். மேலும் அங்கிருந்த சரேன் பனியாறு பெருமளவு உருகிப்போய்விட்டது. இளகிய பனியா, வழுக்கும் பனிக்கட்டியா, வெறும் சரளையா என்பது அந்த வாரம் போய்ப் பார்த்தால்தான் தெரியும். பனியில் சீட்டை முழுக்க இறக்கி, எடையைப் பின்னால் வைத்து, ஒரு காலைத் துடுப்புபோல வெளியே நீட்டிக்கொள்ளுங்கள். முன் பிரேக்கைத் தொடவே கூடாது. பழக்கமில்லாதவர்களுக்குக் கிளிப் இல்லாத தட்டைப் பெடல் நல்லது. எதிரே ஒருவர் விழுந்தால் அவரைப் பார்க்காதீர்கள், அவருக்குப் பக்கத்தில் இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். கண் போகும் பக்கம்தான் சக்கரமும் போகும்.

முடிந்தால் போட்டி வாரத்தின் திங்களன்றே போய்விடுங்கள். மேலே காற்று மெலிது, வழக்கமான மூச்சு போதாது. முதல் நாள் தலைவலி வந்தால் அது சாதாரணம்தான், தண்ணீர் குடித்து ஓய்வெடுங்கள். பயிற்சியில் மூவரில் மெதுவானவரை முன்னால் விடுங்கள். வேகமானவர் முன்னால் போனால், மற்ற இருவரும் தங்கள் திறமைக்கு மேல் அவரைத் துரத்துவார்கள். இப்படித்தான் நண்பர்கள் கூட்டத்தில் எலும்பு முறிகிறது. எந்தக் குதிப்பையும் ஒருமுறை நின்று பார்க்காமல் தாண்டக் கூடாது என்று மூவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். யாராவது விழுந்தால் ஒருவர் மேலே ஓடி, வருபவர்களைக் கையசைத்து நிறுத்தட்டும், இன்னொருவர் 112ஐ அழைக்கட்டும்.

முழுமுக ஹெல்மெட் கட்டாயம். முழங்கால், முதுகுக் காப்பும் முழுவிரல் கையுறையும் இல்லாமல் நான் யாரையும் அனுப்ப மாட்டேன். இதெல்லாம் நண்பர்களுக்குள்ளேயே பேசிக்கொள்வீர்கள். மறப்பது காப்பீடு. சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் 'போட்டிகள் நீங்கலாக' என்று ஒரு வரி இருக்கும், பயிற்சி நாளில் செல்லும் காப்பீடு போட்டி நாளில் செல்லாது. பதிவு செய்யும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள், இருந்தால் போட்டிக்கும் சேர்த்துத் தரும் காப்பீட்டைத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள்.