கைக்கடிகாரம்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: பணி ஓய்வு பெறும் கணவருக்கு நல்ல மெக்கானிக்கல் வாட்ச் வாங்க 5 லட்சம் வரை ஒதுக்கியிருக்கிறேன். பகட்டு அவருக்குப் பிடிக்காது. பின்னாளில் விற்றாலும் விலை ரொம்ப விழக் கூடாது. பழையது வாங்கலாமா?

பதில்: தாராளமாக வாங்கலாம். முதலில் ஒரு நூலைச் சுற்றி அவர் மணிக்கட்டை அளந்துவிடுங்கள். 16, 17 செ.மீ. என்றால் 36 முதல் 38 மி.மீ. குறுக்களவுள்ள கேஸ் (வாட்ச்சின் உலோகக் கூடு) பாந்தமாக உட்காரும். ஸ்ட்ராப்பைப் பிடித்திருக்கும் கொம்புகளின் நுனிக்கு நுனி நீளம் 46 மி.மீ.க்குள் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் மெலிந்த கையில் துருத்திக்கொண்டு நிற்கும்.

விலை நிற்பது ஒன்றே குறி என்றால் ரோலெக்ஸ் ஆய்ஸ்டர் பெர்பெச்சுவல் 36. தேதிகூட இல்லாத எளிய முகம். ஆனால் ஷோரூமில் கேட்டதும் கிடைப்பது அரிது. எங்கள் தேர்வு கிராண்ட் சீக்கோ எஸ்பிஜிடபிள்யூ231. 37.3 மி.மீ., கையால் சாவி கொடுப்பது, ஒருமுறை முழுதாகக் கொடுத்தால் 72 மணி நேரம் ஓடும். கையைச் சற்றே சாய்த்தால் முள்ளின் ஒரு பட்டை கறுத்து, அடுத்த பட்டை ஒளிரும். அந்த வேலைப்பாடு பக்கத்தில் பார்ப்பவருக்கு மட்டுமே தெரியும். புதிதாக வாங்கினால் மறுவிற்பனையில் இறங்கும்; அந்த இறக்கத்தை முதல் உரிமையாளர் ஏற்றுக்கொண்ட பிறகு வாங்குங்கள். நீர் தாங்கும் அளவு 30 மீட்டர் என்று போட்டிருந்தாலும் குளிக்கக் கட்டக் கூடாது.

பழையதில் கொம்புகளைத்தான் லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். விளிம்பு மழுங்கி, நான்கும் ஒரே பருமனில் இல்லை என்றால் பலமுறை பாலிஷ் போட்டிருக்கிறார்கள். தேய்ந்த உலோகம் திரும்பி வராது, வேண்டாம். மெல்லிய கீறல்கள் இருந்தால் பரவாயில்லை, அது நல்ல அறிகுறி. உத்தரவாத அட்டையின் எண்ணும் கேஸ் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். டைம்கிராஃபரில் (டிக் சத்தத்தைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் கருவி) வைக்கச் சொல்லுங்கள்: முழுச் சாவியில், டயல் மேலே பார்க்க, ஆம்ப்ளிட்யூட், அதாவது உள்ளே ஊசலாடும் பேலன்ஸ் சக்கரத்தின் வீச்சு, 270 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தால் நிம்மதி. 220க்குக் கீழே என்றால் பெரும்பாலும் எண்ணெய் வறண்டிருக்கும். சர்வீஸ் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். அந்த எந்திரத்துக்கு உரிய லிஃப்ட் ஆங்கிளை (ஒவ்வொரு உந்தலின்போதும் அந்தச் சக்கரம் திரும்பும் கோணம்) கருவியில் போடாமல் பார்த்தால் இந்த எண் தப்பாகவே காட்டும்.

கேள்வி: என் ஆட்டோமேட்டிக் வாட்ச் திடீரென்று நாளுக்கு 5 நிமிடம் கூட ஓடுகிறது. பழுதா?

பதில்: அநேகமாகக் காந்தம் ஏறியிருக்கும். ஸ்பீக்கர், காந்த மூடி வைத்த போன் உறை போதும். பேலன்ஸ் சக்கரத்தை ஊசலாட வைக்கும் மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒட்டிக்கொண்டு சுருள் குட்டையானதுபோல் ஆகிவிடும், அதனால்தான் வேகம். திசைகாட்டி பக்கத்தில் வாட்ச்சைக் கொண்டுபோனால் திசைகாட்டியின் முள் ஆடும். காந்தம் நீக்கும் கருவியில் சில நொடி வேலை, கேஸைத் திறக்கவே வேண்டாம். அதற்குப் பிறகும் வேகமாக ஓடினால்தான் சர்வீஸ்.